கடுகளவு கட்டி, மலையளவு வலி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஒளியேறிய மருத்துவ விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்)



கட்டி என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். உடனே புற்றுநோய்தான் நினைவுக்கு வரும். ஆனால், உடலில் தோன்றும் கட்டிகள் எல்லாம் புற்றுநோய் அல்ல. ஓரிடத்தில் தோன்றி, அங்கேயே இருந்து, வேறு உறுப்புகளுக்குப் பரவாத கட்டிகள் ஏராளமாக உண்டு. அவற்றைத் தீங்கற்ற கட்டிகள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

தீங்கற்றது என்று பெயர் வைத்துவிட்டதால், அது தொல்லையே தராது என்று எண்ணிவிடக் கூடாது. உயிரை எடுக்காத கட்டிகூட ஒருவரின் உறக்கத்தை எடுத்துவிடும், வேலையைக் கெடுத்துவிடும், சில வேளைகளில் அவருடைய வார்த்தைக்கு வீட்டில் இருக்கும் மதிப்பையும் குறைத்துவிடும். அப்படிப்பட்ட ஓர் அரிய கட்டியைப் பற்றியதுதான் இன்றைய உரை. அதன் பெயர் குளோமஸ் கட்டி.

அரிதான நோயைப் பற்றி எல்லாரும் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி எழலாம். காரணம் இருக்கிறது. இந்தக் கட்டியைச் சிறிய அறுவைச் சிகிச்சை ஒன்றின் மூலம் பெரும்பாலும் முழுமையாகக் குணப்படுத்திவிடலாம். ஆனாலும், இதனால் அவதிப்படுகிறவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் வலியோடு அலைகிறார்கள். மருந்து இல்லாததால் அல்ல, நோய் இன்னதென்று தெரியாததால்.

*விரல் நுனியில் ஒரு மதகு*

தோலுக்கும் எலும்புக்கும் இடையில் கொழுப்பு, தசை, நரம்பு, இரத்தக் குழாய் என்று பலவும் இருக்கின்றன. இவற்றை மென்திசுக்கள் என்பார்கள். மென்திசுக்களில் தோன்றும் கட்டிகளில் குளோமஸ் கட்டியின் பங்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. கையில் தோன்றும் கட்டிகளை மட்டும் கணக்கெடுத்தால் 1 முதல் 5 விழுக்காடு வரை இருக்கும். கையில் வரும் குளோமஸ் கட்டிகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு நகத்துக்கு அடியில்தான் வருகிறது.

ஏன் நகத்துக்கு அடியில்? இதைப் புரிந்துகொள்ள, நம் விரல் நுனியில் இயற்கை அமைத்திருக்கும் ஓர் ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதயத்திலிருந்து வரும் இரத்தம் சிறு தமனிகள் வழியாக வந்து, மயிரிழையைவிட மெல்லிய நுண்குழாய்களுக்குள் பாய்ந்து, பிறகு சிரைகள் வழியாகத் திரும்பிச் செல்கிறது. இது பொதுவான பாதை. விரல் நுனி போன்ற இடங்களில், நுண்குழாய்களுக்குள் போகாமல் தமனியிலிருந்து நேரே சிரைக்குச் செல்ல ஒரு குறுக்கு வழி உண்டு. இதற்கு சுக்கே-ஹோயர் கால்வாய் என்று பெயர். இந்தக் கால்வாயைச் சுற்றித் தசைத் தன்மை கொண்ட உயிரணுக்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. அவை சுருங்கினால் கால்வாய் அடைபடும், விரிந்தால் திறந்துகொள்ளும். கெடாவில் வயல் வாய்க்காலில் மதகைத் திறந்தும் மூடியும் தண்ணீர் பாய்ச்சுவது போன்ற வேலைதான் இது. உடல் சூட்டை வெளியேற்ற வேண்டுமா, சேமிக்க வேண்டுமா என்பதற்கு ஏற்ப இந்த மதகு இயங்குகிறது. இந்த அமைப்பின் பெயர்தான் குளோமஸ்.

கையில், காலில், காதில் என்று பல இடங்களில் குளோமஸ்கள் உண்டு. விரல் நுனியில், குறிப்பாக நகத்துக்குக் கீழே, இவை நெருக்கமாக அமைந்துள்ளன. எல்லாருக்கும் இருக்கின்ற, உடலுக்குத் தேவையான அமைப்புதான் இது. இந்த மதகைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகித் திரளும்போதுதான் அது குளோமஸ் கட்டியாகிறது.

நகத்தடியில் தோன்றும் கட்டியின் அளவு பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவது குறைவு. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள் நம் முன்னோர். அந்தப் பழமொழி இந்தக் கட்டிக்கென்றே சொன்னது போல் இருக்கிறது. மேலே கடினமான நகம், கீழே எலும்பு. இரண்டுக்கும் நடுவே இம்மியளவு இடம். நரம்பு நுனிகள் நிறைந்த அந்த இடத்தில் ஒரு கட்டி வளர்ந்தால், விரிய வழியில்லாமல் அழுத்தம் கூடுகிறது. நகமும் சதையும் போல என்று நெருக்கத்துக்கு உவமை சொல்கிறோமே, அந்த நகத்துக்கும் சதைக்கும் நடுவில் புகுந்துகொண்ட விருந்தாளி இது.

*மூன்று அடையாளங்கள்*

இந்த நோயை அடையாளம் காட்டும் அறிகுறிகள் மூன்று.

முதலாவது, விட்டுவிட்டு வரும் கடுமையான வலி. விரல் நுனியில் சுருக்கென்று தொடங்கி, சிலருக்குக் கை முழுவதும், தோள் வரையிலும்கூட ஏறும்.

இரண்டாவது, ஒரே ஒரு புள்ளியில் தொட முடியாத வேதனை. விரல் முழுவதும் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். நகத்தின் மேல் ஓர் இடத்தைக் காட்டி, "இங்கேதான்" என்பார்கள். அந்தப் புள்ளியில் சட்டைப் பொத்தான் பட்டால்கூடத் துடித்துப் போவார்கள். அதற்குச் சற்றுத் தள்ளி அழுத்தினால் ஒன்றும் இருக்காது.

மூன்றாவது, குளிர் பட்டால் வலி எகிறுவது. குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் இது வெளிப்பட்டுவிடும். ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் நம் நாட்டில் குளிர் ஏது என்று கேட்காதீர்கள். குளிர்பதனப் பெட்டியில் கையை விட்டு மீன் எடுக்கும்போது, ஐஸ் போட்ட கோப்பையைப் பிடிக்கும்போது, குளிர்சாதனம் கடுமையாக வீசும் அலுவலகத்திலோ விரைவுப் பேருந்திலோ அமரும்போது, கேமரன் மலைக்குச் சுற்றுலா போகும்போது இந்த வலி தலைகாட்டும்.

மூன்றும் எல்லாருக்கும் சேர்ந்து வரும் என்று சொல்ல முடியாது. வெளியே பார்த்தால் சிலருக்கு நகத்தின் கீழே இலேசான நீலநிறமோ சிவப்போ தெரியும். சிலருக்கு நகத்தில் நெடுக்காக ஒரு மேடு எழும்பும், அல்லது நகம் நுனியிலிருந்து பிளக்கும். இன்னும் சிலருக்கு வெளியே எந்த அடையாளமும் இருக்காது. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

*"உனக்கு எப்பவும் ஒரு வலி"*

நகத்தடியில் வரும் குளோமஸ் கட்டி ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. அதிலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடைப்பட்டவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. குடும்பத்தையும் வேலையையும் ஒருசேரத் தாங்கிக் கொண்டிருக்கும் வயது அது.

உதாரணத்துக்கு, பேரங்காடியில் உறைந்த உணவுப் பகுதியில் வேலை செய்யும் நாற்பது வயதுப் பெண்மணி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வலது கை மோதிர விரலில் வலி. முதலில் நகச்சுத்தி என்று நினைக்கிறார். மாமியார், "எலுமிச்சம்பழத்தை ஓட்டை போட்டு விரல்ல மாட்டிக்கோம்மா, ராத்திரியோட சரியாயிடும்" என்கிறார். மாட்டிக்கொள்கிறார். நகச்சுத்தி என்றால் வீங்கும், சிவக்கும், சீழ் கோக்கும், சில நாளில் ஒரு முடிவுக்கு வரும். இது வீங்கவும் இல்லை, பழுக்கவும் இல்லை, போகவும் இல்லை.

பக்கத்து கிளினிக்குக்குப் போகிறார். வலி மாத்திரை கிடைக்கிறது. ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது. மூட்டுவாதமாக இருக்கலாம் என்கிறார் ஒருவர். கழுத்து எலும்பு நரம்பை அழுத்துகிறதோ என்று சந்தேகப்படுகிறார் மற்றொருவர். இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. தாள்களில் எல்லாம் சரியாக இருக்கிறது, விரல் மட்டும் வலித்துக் கொண்டே இருக்கிறது.

இரண்டு ஆண்டு ஓடிய பிறகு, வீட்டில் பேச்சு மாறுகிறது. "டாக்டருங்களே ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. உனக்கு எப்பவும் ஒரு வலி" என்கிறார் கணவர். வேலையிடத்தில், குளிர் அறைக்குள் போகாமல் இருக்கச் சாக்கு சொல்கிறார் என்று பெயர் கிடைக்கிறது. கடைசியில் அந்தப் பெண்மணிக்கே தம் மீது சந்தேகம் வந்துவிடுகிறது.

இது கற்பனைக் கதைதான். ஆனால், குளோமஸ் கட்டியைப் பற்றிய மருத்துவக் கட்டுரைகளைப் புரட்டினால், பல ஆண்டுகள் தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் விவரம் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். மனநலப் பிரச்சினை என்று கருதப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சொல்கிறோம். கண்ணுக்குத் தெரியாத வலிக்கு அது இன்னும் பொருந்தும்.

*இருநூறு ஆண்டுக்கு முன்பே அறிந்த வலி*

இது புதிதாக முளைத்த நோய் அல்ல. 1812ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரைச் சேர்ந்த வில்லியம் வுட் என்ற அறுவை மருத்துவர், தோலுக்கு அடியில் தோன்றும் வலிமிகுந்த சிறு கட்டிகளைப் பற்றி எழுதினார். வலி இருக்கிறது, கட்டி இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. அந்தக் கட்டி எதிலிருந்து பிறக்கிறது என்பது அப்போது தெரியவில்லை.

அந்தப் புதிருக்கு விடை கிடைக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பணியாற்றிய பியேர் மசோன் என்ற நோய்க்கூறு வல்லுநர், இத்தகைய கட்டிகளை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். விரல் நுனியில் இயல்பாக உள்ள குளோமஸ் அமைப்பும் இந்தக் கட்டியும் ஒரே சாயலில் இருப்பதைக் கண்டார். 1924ஆம் ஆண்டில் இக்கண்டுபிடிப்பு வெளியானது. நகத்தடிக் கட்டிகளைப் பற்றிய அந்த ஆண்டுக் கட்டுரையை அவருடன் சேர்ந்து எழுதியவர் பாரே என்ற நரம்பியல் மருத்துவர். நரம்புத் தளர்ச்சி நோய் ஒன்றுக்கு இன்று வழங்கும் கியான்-பாரே என்ற பெயரில் உள்ள அதே பாரேதான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. காதின் உட்பகுதியிலும் கழுத்திலும் வரும் வேறொரு வகைக் கட்டியையும் பழைய வழக்கப்படி குளோமஸ் என்ற பெயரால் அழைப்பதுண்டு. அது நரம்பு சார்ந்த திசுவில் வருவது. பாராகாங்கிலியோமா என்பது அதன் சரியான பெயர். அதற்கும் விரலில் வரும் கட்டிக்கும் பெயர்தான் ஒற்றுமை, உறவு கிடையாது. இணையத்தில் தேடிப் பார்த்துப் பயந்து போகிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

*ஒரு குண்டூசித் தலை போதும்*

இந்த நோயைச் சந்தேகிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை என்பதுதான் வியப்பு. 1944ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கிராஃப்டன் லவ் என்ற மருத்துவர் ஓர் எளிய சோதனையை எழுதி வைத்தார். குண்டூசியின் தலைப்பகுதியால் நகத்தின் மேல் ஒவ்வோர் இடமாக மெல்ல அழுத்திக்கொண்டே வர வேண்டும். கட்டி இருக்கும் புள்ளியைத் தொட்டவுடன் நோயாளி கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். அதற்கு ஒட்டிய இடத்தில் வலி இருக்காது. இதற்கு லவ் சோதனை என்று பெயர்.

1970ஆம் ஆண்டில் ஹில்ட்ரெத் என்பவர் மற்றொரு சோதனையைக் கூறினார். கையை உயர்த்தி இரத்தத்தை வடியவிட்டு, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மேற்கையில் கட்டிக் காற்றேற்ற வேண்டும். விரலுக்கு இரத்த ஓட்டம் நின்றதும், முன்பு தொட முடியாமல் இருந்த புள்ளியை அழுத்தினாலும் வலி தெரியாது. பட்டையைத் தளர்த்தியதும் வலி திடீரென்று திரும்பும். இது மருத்துவர் செய்ய வேண்டிய சோதனை. வீட்டில் ரப்பர் வளையத்தை விரலில் மாட்டிப் பார்க்கும் விபரீதத்தில் யாரும் இறங்கக் கூடாது.

குளிர்ந்த நீரில் விரலை வைத்துப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். இருட்டறையில் விரலுக்குக் கீழிருந்து ஒளியைப் பாய்ச்சிப் பார்ப்பதும் உண்டு.

இவற்றுக்குப் பிறகுதான் படம் பிடிக்கும் கருவிகள் வருகின்றன. எக்ஸ்ரேயில் கட்டி தெரியாது. நீண்ட நாள் இருந்த கட்டி கீழே உள்ள எலும்பை அழுத்திக் குழி செய்திருந்தால், அந்தக் குழி சிலருக்குத் தெரியும். ஆகவே எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதற்குக் கட்டி இல்லை என்று பொருள் ஆகாது. மீயொலிப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. படமும் கூடுதல் விவரம் தரும். கட்டி எந்த இடத்தில், எத்தனை, எவ்வளவு பெரிது என்பதை அறுவைக்கு முன்பே அறிய எம்.ஆர்.ஐ. பெரிதும் உதவுகிறது. அதிலும் மிகச் சிறிய கட்டிகள் தப்பிவிடுவதுண்டு. எனவே, நோயாளி விரல் வைத்துக் காட்டும் அந்தப் புள்ளிக்கு எந்தக் கருவியின் படத்தையும்விடக் குறைவான மதிப்பைக் கொடுத்துவிடக் கூடாது.

*அறுவைச் சிகிச்சை எப்படி நடக்கிறது?*

நகத்தடிக் குளோமஸ் கட்டிக்கு நிலையான தீர்வு, அதை முழுமையாக அகற்றுவதுதான். வலி மாத்திரை வலியை ஒத்திப் போடலாம், கட்டியைக் கரைக்காது. எண்ணெய், பற்று, ஒத்தடம் எதுவும் நகத்துக்குக் கீழே இருக்கும் கட்டியை எட்டாது.

அறுவைச் சிகிச்சை என்றதும் பல நாள் மருத்துவமனையில் படுக்க வேண்டுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பிவிடலாம். விரலின் அடிப்பகுதியில் ஊசி போட்டு அந்த விரலை மட்டும் மரத்துப் போகச் செய்வார்கள். தேவைக்கு ஏற்ப முழுக் கையையும் மரத்துப் போகச் செய்வதும், முழு மயக்கம் கொடுப்பதும் உண்டு. விரலின் அடியில் ஒரு கட்டுப் போட்டு இரத்த ஓட்டத்தைச் சற்று நேரம் நிறுத்துவார்கள். இரத்தம் கசிந்தால் சில மில்லிமீட்டர் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் அல்லவா?

பிறகு இரண்டு வழிகள் உள்ளன.

ஒன்று, நகத்தின் வழியாகப் போவது. நகத்தை முழுவதுமாகவோ ஒரு பகுதியையோ தூக்கி, அதன் கீழுள்ள நகப்படுக்கையை நெடுக்காகக் கீறி, உள்ளே இருக்கும் கட்டியைச் சுற்றிலும் விடுவித்து எடுப்பார்கள். பூதக்கண்ணாடி பொருத்திக்கொண்டு செய்யும் நுட்பமான வேலை இது. கட்டி வெளியே வந்ததும், நகப்படுக்கையை மிக மெல்லிய நூலால் தைத்து, அகற்றிய நகத்தையே சுத்தம் செய்து மூடிபோல் மேலே பொருத்துவதும் உண்டு. கட்டி நகத்தின் நடுப்பகுதியில் இருந்தால் இந்த வழியில் அது தெளிவாகத் தெரியும். குறை என்னவென்றால், நகப்படுக்கையில் தழும்பு விழுந்தால் புதிதாக வளரும் நகத்தில் கோடோ பிளவோ ஏற்படலாம்.

மற்றொன்று, விரலின் பக்கவாட்டில் கீறி, நகத்தைத் தொடாமல், எலும்பை ஒட்டிச் சென்று கட்டியை எடுப்பது. நகம் கெடும் வாய்ப்பு இதில் குறைவு. கட்டி ஓரமாக இருந்தால் ஏற்ற வழி. நடுவில் இருக்கும் கட்டியை இந்த வழியில் முழுமையாகப் பார்ப்பது கடினம்.

எந்த வழி என்பதைக் கட்டி இருக்கும் இடம்தான் முடிவு செய்கிறது. அதனால்தான், அறுவைக்கு முன்பு அந்தப் புள்ளியைப் பேனாவால் குறித்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. மரத்துப் போன விரலிடம் எங்கே வலிக்கிறது என்று பிறகு கேட்க முடியாது.

எடுத்த கட்டியைக் கட்டாயம் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்த பிறகே இது குளோமஸ் கட்டிதான் என்பது உறுதியாகும். இந்த வகையில் புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. என்றாலும் உறுதி செய்துகொள்வது முறை.

வீடு திரும்பியவர்கள் முதல் சில நாள்களுக்குக் கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைத்திருக்க வேண்டும். கட்டு நனையக் கூடாது. பாத்திரம் கழுவும் வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பது தெரிந்ததே. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் புண் ஆறுவது தாமதமாகலாம், கிருமி தொற்றும் அபாயமும் கூடும். எனவே, நீரிழிவு இருப்பதையும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதையும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

விரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. ஆகவே புதிய நகம் முழுமையாக வளர 4 முதல் 6 மாதம் வரை ஆகும். ஆனால், பழைய வலி போவதற்கு அவ்வளவு காலம் ஆகாது. தையல் வலி ஓய்ந்ததுமே, ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்த அந்தக் குத்தல் இல்லை என்பதைப் பலரும் உணர்ந்துவிடுகிறார்கள். அறுவை நடந்த இடத்தில் சில வாரங்களுக்கு இலேசான கூச்சம் இருப்பது இயல்பு.

*மீண்டும் வருமா?*

நேயர்கள் பலரும் கேட்கக்கூடிய கேள்வி இது. வரலாம் என்பதே நேர்மையான பதில். வலி சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பினால், கட்டியின் ஒரு சிறு பகுதி உள்ளே தங்கிவிட்டது என்றோ, அருகிலேயே இருந்த இரண்டாவது கட்டி கண்ணில் படவில்லை என்றோ கருதுகிறார்கள். ஆண்டுகள் கழித்து வந்தால் அது புதிதாகத் தோன்றியதாக இருக்கலாம். எப்படியிருந்தாலும் மறுபடி பரிசோதித்து, மறுபடி அகற்றலாம். அறுவை செய்தும் போகவில்லையே, விதி என்று ஒதுங்கிவிடக் கூடாது. கை அறுவையில் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் முதலிலேயே செல்வதன் அவசியமும் இதிலிருந்து விளங்கும்.

ஒன்றுக்கு மேற்பட்ட விரல்களில் இந்தக் கட்டி வந்தால், நியூரோஃபைப்ரோமடோசிஸ் வகை 1 என்ற பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. உடலில் பால்காப்பி நிறத்தில் தட்டையான திட்டுகளும், தோலில் மென்மையான முடிச்சுகளும் இந்தக் கோளாற்றின் அடையாளங்கள். அக்கோளாற்றுக்குக் காரணமான மரபணுப் பழுதுக்கும் குளோமஸ் கட்டிக்கும் உள்ள தொடர்பு 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் விளக்கப்பட்டது. அந்தக் கோளாறு உள்ளவர்கள், விரல் நுனி வலியைப் பற்றி மருத்துவரிடம் தாமாகவே எடுத்துச் சொல்ல வேண்டும்.

*வலியை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள்*

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். நகத்தடியில் வரும் எல்லாமே தீங்கற்றவை என்று இந்த உரையைக் கேட்டு யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. நகத்தின் கீழே மெலனோமா என்ற தோல் புற்றுநோயும் வருவதுண்டு. அது பெரும்பாலும் தொடக்கத்தில் வலிக்காது. கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு கோடு, அல்லது ஆறாத ஒரு கறை, அவ்வளவுதான்.

ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் இருந்தது மெலனோமா என்பது 1977ஆம் ஆண்டில் தெரியவந்தது. காற்பந்து விளையாட்டில் பட்ட காயம் என்றே அது முதலில் கருதப்பட்டது. 1981ஆம் ஆண்டு மே மாதத்தில், 36 வயதில் அவர் காலமானார்.

ஆக, உயிரை வாங்கும் நோய் வலிக்காமல் இருக்கலாம். உயிருக்கு ஆபத்தில்லாத கட்டி உயிர் போகிற மாதிரி வலிக்கலாம். வலிக்கவில்லை என்பதற்காக நகத்தில் விழுந்த கறுப்புக் கோட்டை அலட்சியம் செய்யக் கூடாது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக ஒருவரின் வலியையும் அலட்சியம் செய்யக் கூடாது. இரண்டையுமே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

*என்ன செய்யலாம்?*

விரல் நுனியில் மாதக்கணக்கில் வலி இருப்பவர்கள், மருத்துவரிடம் போகும் முன்பு மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வலி எப்போது தொடங்கியது? சரியாக எந்தப் புள்ளியில் வலிக்கிறது? குளிர் பட்டால் கூடுகிறதா? கிளினிக்கில் கூட்டம் அதிகமாக இருக்கும். மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். "கை வலிக்குது டாக்டர்" என்று பொதுவாகச் சொன்னால் பொதுவான மாத்திரைதான் கிடைக்கும். "இந்த விரல்ல, இந்த இடத்துல மட்டும், ஐஸ் பட்டா தாங்க முடியல டாக்டர்" என்று சொன்னால், அவருடைய சிந்தனை வேறு திசையில் போகும்.

இது குளோமஸ் கட்டியாக இருக்குமா என்று மருத்துவரிடமே கேட்கலாம். கேட்பதில் தவறில்லை, மரியாதைக் குறைவும் இல்லை. தேவை ஏற்பட்டால் எலும்பியல் பிரிவுக்கோ கை அறுவை நிபுணரிடமோ செல்லப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பழைய எக்ஸ்ரே, பரிசோதனை முடிவுகள் அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். நகப்பூச்சு போடும் பழக்கம் உள்ள பெண்கள் அதை அகற்றிவிட்டுப் போவது நல்லது. நகத்தின் நிறத்தை மருத்துவர் பார்க்க வேண்டுமே.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் அம்மாவோ மனைவியோ அக்காவோ, ஒரே இடத்தைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வலிக்கிறது என்று சொன்னால், பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்பதோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். ஒன்றும் இல்லை என்பது வேறு, ஒன்றும் தெரியவில்லை என்பது வேறு. ஆண்டுகள் போனாலும் குண்டூசித் தலையளவு இடத்தை விட்டு நகராத வலிக்கு, உள்ளே ஒரு காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கூடவே போங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்து, "ஆமாம் டாக்டர், ராத்திரியில தூங்கறதே இல்ல" என்று சொன்னால் நோயாளியின் வார்த்தைக்கு வலு சேரும்.

முதலாளிமார்களும் மேற்பார்வையாளர்களும் இதைக் கவனத்தில் கொள்ளலாம். குளிர் அறையிலும் ஐஸ் பெட்டியிலும் வேலை செய்கிறவர்கள் விரல் வலிக்கிறது என்று சொன்னால், வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார்கள் என்று எண்ணாமல் மருத்துவரிடம் அனுப்பி வையுங்கள்.

இந்தக் கட்டி எல்லாருக்கும் வரக்கூடியது அல்ல. இந்த உரையைப் பார்த்துக் கொண்டிருப்பவர்களில் மிகச் சிலருக்கே இது இருக்கக்கூடும். அந்தச் சிலரில் ஒருவர், நாளைக் காலை ஒரு கிளினிக்கின் வாசலில் நின்று, சரியான விரலில் சரியான இடத்தைக் காட்டினால், அதுவே இந்த உரைக்குக் கிடைத்த பலன்.